பையைக் கொட்டச் சொல்லும் டாக்டரம்மா

அறுபத்தாறு வயதுவரை எனக்குப் பயம் என்றால் என்னவென்று தெரியாது. பெருமைக்குச் சொல்கிறேன் என்று நீங்கள் நினைத்தால் நினைத்துக்கொள்ளுங்கள், பெருமைதான். ஐந்தாம் வகுப்போடு பள்ளிக்கூடத்துக்குக் கும்பிடு போட்டுவிட்டு, இரும்பு பீரோ செய்யும் பட்டறையில் தகடு சுமக்கப் போனவன் நான். இருபத்தாறு வயதில் சொந்தப் பட்டறை வைத்தேன். ஒருமுறை பெயிண்ட் அறையில் தீப்பிடித்தபோது எல்லோரும் வாசலைப் பார்த்து ஓடினார்கள். நான் ஒருவன்தான் உள்ளே ஓடி, தின்னர் டின்களைக் காலால் உருட்டி வெளியே தள்ளினேன். இன்று இருபத்திரண்டு பேர் என்னிடம் வேலை செய்கிறார்கள். எங்கள் ஊரில் நூறு வீட்டுக்குள் போய்ப் பார்த்தால் நாற்பது வீட்டில் என் பட்டறை பீரோ நிற்கும். மூடும்போது சத்தம் வராது. வந்தால் அது என் பீரோ இல்லை.

இப்படிப்பட்டவனுக்கு ஒரு வெள்ளிக்கிழமை பட்டப்பகலில், ஒரு நாற்காலியில் உட்கார்ந்திருந்தபோது, இரண்டு முழங்காலும் தானாக ஆடத் தொடங்கின. அதைச் சொல்லத்தான் எழுதுகிறேன். டயர்க் கடை மாடியில் இருக்கும் ஆயுர்வேத டாக்டரம்மாவைப் பற்றி எழுத வேண்டுமென்று உட்கார்ந்தேன். அவரைப் பற்றிச் சொல்வதென்றால் என்னைப் பற்றியும் சொல்லியாக வேண்டும். நடந்தது என் குடும்பத்தில்.

முதலில் என் கை. இரண்டு வருடத்துக்கு முன்னால் ஒருநாள் காலையில் எழுந்தபோது விரல்கள் மடங்கவில்லை. பத்து விரலும் முட்டிக்கு முட்டி வீங்கி, வெல்டிங் வைத்தமாதிரி இறுகிக் கிடந்தன. சட்டைப் பொத்தான் போட முடியவில்லை. என் மனைவி வந்து போட்டுவிட்டாள்.

“ஏங்க, என்ன இது புதுசா? மாப்பிள்ளை ஆகணும்னு ஆசையா?” என்று கேலி செய்தாள். நான் சிரித்தேன். கையை வைத்துத்தான் நான் மனிதன் ஆனேன். தகட்டைத் தடவிப் பார்த்தே அதன் கனத்தைச் சொல்வேன். அந்தக் கை போனால் நான் யார்?

ஆஸ்பத்திரிக்குப் போனேன். முடக்குவாதம் என்றார்கள். முழுதாகப் போகாது, மாத்திரையால் கட்டுக்குள் வைக்கலாம், மாதாமாதம் ரத்தம் பார்க்க வேண்டும் என்றார்கள். ‘போகாது’ என்ற சொல் எனக்குப் பிடிக்கவில்லை. என்னிடம் யாரும் முடியாது என்று சொன்னதில்லை. மாத்திரைச் சீட்டை மடித்துச் சட்டைப்பையில் வைத்தேன். அது சட்டையோடு துவைபட்டுக் கூழாகிவிட்டது.

அந்த நேரத்தில்தான் ஒரு கண்காட்சிக் கடையில் மைக் வைத்துப் பேசிக்கொண்டிருந்த பொடிக்காரரைப் பார்த்தேன். நூற்றுக்கு நூறு மூலிகை, மூன்றே நாள், முப்பது வருட வலியும் ஓடிப்போகும் என்றார். ஒரு டப்பா வாங்கினேன். காலை ஒரு சிட்டிகை, இரவு ஒரு சிட்டிகை. சொன்னால் நம்பமாட்டீர்கள், மூன்றாம் நாள் காலையில் நானே பொத்தான் போட்டேன். பட்டறைக்குப் போய்ச் சும்மா கிடந்த சுத்தியலை எடுத்துச் சும்மாவே நாலு தட்டுத் தட்டினேன். வேலைக்காரர்கள் எல்லோரும் திரும்பிப் பார்த்தார்கள்.

பிறகு நான் சும்மா இருப்பேனா? என் அக்காவுக்கும் வாங்கிக் கொடுத்தேன்.

அக்கா எனக்கு ஏழு வயது மூத்தவள். எங்கள் அப்பாவும் அம்மாவும் அடுத்தடுத்த வருடத்தில் போனபோது அவளுக்குப் பதினாறு. துணி தைத்து என்னை வளர்த்தாள். கல்யாணம் செய்துகொள்ளவில்லை. கேட்டால், “உன்னை மாதிரி ஒரு பிடிவாதக்காரனைக் கட்டி மேய்ச்சதே போதும்டா” என்பாள். தண்ணீர்த் தொட்டிக்குப் பின்னால் அவளுக்கு ஒரு சின்ன வீடு கட்டிக் கொடுத்திருக்கிறேன். நான் என்ன சொன்னாலும் கேட்பாள். தையல் மிஷினில் உட்கார்ந்து உட்கார்ந்து அவளுக்கு முழங்கால் வலி. குளிர்காலத்தில் மூச்சிழுப்பும் உண்டு. பொடி போட்டதும் வலியும் போனது, இழுப்பும் நின்றது. “தம்பி, நீ நல்லா இருக்கணும்டா” என்று என் தலையில் கை வைத்தாள். அன்றைக்கு எனக்கு இருந்த மிதப்பு, சொந்தப் பட்டறை திறந்த அன்றுகூட இல்லை.

ஒன்றரை வருடம். மாதம் ஒரு பார்சல், எனக்கு இரண்டு டப்பா, அவளுக்கு இரண்டு டப்பா. எனக்கு முகம் வட்டமாகி, கன்னம் மினுமினுத்தது. பார்த்தவர்கள் எல்லாம் வயசு குறைந்துவிட்டது என்றார்கள். அக்காவுக்கும் கன்னம் உப்பியது. நாங்கள் இரண்டு பேரும் கண்ணாடி முன்னால் நின்று சிரித்திருக்கிறோம். அது என்னவென்று தெரியாத சிரிப்பு.

ஒருநாள் தகட்டு விளிம்பு என் முழங்காலுக்குக் கீழே கீறியது. எங்கள் தொழிலில் இதெல்லாம் கொசுக்கடி. ஆனால் இரண்டு மாதமாக அது ஆறவில்லை. தோல் காகிதம்போல் ஆகியிருந்தது, மேசை முனையில் லேசாக இடித்தாலே கை நீலமாகக் கன்றியது. என் மனைவி விசாரித்துவிட்டு வந்து நின்றாள்.

“கிளம்புங்க. டயர்க் கடை மாடியில ஒரு டாக்டரம்மா இருக்காங்களாம். படிச்ச ஆயுர்வேத டாக்டராம். பொறுமையாப் பார்ப்பாங்களாம்.”

“எனக்கு என்ன?”

“ஊர்ல இருக்குற எல்லா பூட்டும் உங்களுக்குத் தெரியும். உங்க உடம்பு மட்டும்தான் உங்களுக்குத் தெரியாது. கிளம்புங்க.”

திங்கட்கிழமை காலையில் போனோம். டயர்க் கடைக்குப் பக்கத்தில் குறுகலான படிக்கட்டு, பத்தொன்பது படி. முழங்கால் வலிக்காரர்கள் வருகிற இடத்துக்கு யாராவது இப்படிப் படி வைப்பார்களா என்று முனகிக்கொண்டே ஏறினேன். நிமிர்ந்து பார்த்தால் மேலே ஒரு அம்மா இடுப்பில் கை வைத்துக்கொண்டு என்னையே பார்த்துக்கொண்டிருந்தார். ஐம்பது வயது இருக்கும். கண்ணாடி மூக்கு நுனியில் நின்றது. குரல் கொஞ்சம் கரகரப்பு.

“ஐயா, பத்தாவது படியில ஏன் நின்னீங்க?”

“மூச்சு வாங்குச்சு.”

“வலது கையால கம்பியைப் பிடிக்கல, முழங்கையை வச்சு அழுத்தி ஏறுறீங்க. விரல் வலிக்குதோ?”

நான் இன்னும் உட்காரவே இல்லை. அதற்குள் பாதிச் சோதனை முடிந்துவிட்டது. பிறகுதான் தெரிந்தது, அவர் எல்லோரையும் இப்படித்தான் மேலே நின்று பார்ப்பார். படி ஏற முடியாதவர்களுக்கு அவரே இறங்கி வந்து, டயர்க் கடை பெஞ்சில் உட்கார்ந்து வைத்தியம் பார்ப்பார். டயர்க் கடைக்காரர் அதற்கென்று ஒரு பெஞ்சைத் துடைத்தே வைத்திருப்பார்.

அறை சின்னது. ஒரு மேசை, மூன்று நாற்காலி, எண்ணெய் தேய்க்க ஒரு மரக் கட்டில், ரத்த அழுத்தம் பார்க்கும் கருவி, சுவரோரம் கஷாயப் புட்டிகள். முதல் தடவை வருகிறவருக்கு ஒரு மணி நேரம் ஒதுக்குவார். மருந்து ஒன்றும் தரமாட்டார். பையைக் கொட்டச் சொல்வார். வீட்டில் இருக்கிற மாத்திரை, டானிக், தைலம், பக்கத்து வீட்டுக்காரர் கொடுத்த சூரணம், எதுவானாலும் மேசையில் கொட்ட வேண்டும். அதனால்தான் ஊரில் அவருக்குப் பை டாக்டரம்மா என்று பெயர்.

எனக்கு இது எரிச்சலாக இருந்தது. நாக்கை நீட்டச் சொன்னார். நகத்தைப் பார்த்தார். எத்தனை மணிக்குச் சாப்பிடுகிறீர்கள், பசித்துச் சாப்பிடுகிறீர்களா, மணி ஆகிவிட்டதென்று சாப்பிடுகிறீர்களா, தூக்கம் நடுவில் கலைகிறதா, வயிறு தினமும் சுத்தமாகிறதா, கோபம் யார்மேல் வருகிறது என்றெல்லாம் கேட்டார்.

“டாக்டரம்மா, எனக்குக் கையிலதான் வலி. வயித்தைப் பத்தி ஏன் கேக்குறீங்க?”

“ஒரு பீரோ கதவு மூட மாட்டேங்குது. நீங்க கதவை மட்டுமா பார்ப்பீங்க?”

கதவு மூடாவிட்டால் நான் முதலில் தரையைத்தான் பார்ப்பேன். தரை சமமாக இல்லாவிட்டால் சட்டம் இழுக்கும், சட்டம் இழுத்தால் கதவு உரசும். இந்தம்மாவுக்கு இது எப்படித் தெரியும்?

“இருபது வருஷமா உள்ள வந்து உக்காந்த நோயை இருபது நாள்ல இறக்கிவிட நான் பஸ் கண்டக்டர் இல்லைங்க ஐயா. மெதுவாத்தான் போகும். சில நோய் முழுசாப் போகவும் போகாது. அதோட சண்டை போடாம வாழ வழி சொல்லுவேன். சரி, பையில வேற ஒண்ணும் இல்லையா?”

“இல்லை” என்றேன். பொடியை நான் கொண்டுபோகவில்லை. அது மருந்தே இல்லை, மூலிகைதானே. அதோடு, இத்தனை நாள் நானே எனக்கு வைத்தியம் பார்த்து ஜெயித்ததை இன்னொருவர் மேசையில் ஏன் கொட்ட வேண்டும்?

என் மனைவி தன் கைப்பையைத் திறந்து டப்பாவை எடுத்து மேசையில் டக்கென்று வைத்தாள். நான் அவளை முறைத்தேன். அவள் சுவரைப் பார்த்தாள்.

டாக்டரம்மா டப்பாவைத் திறந்து முகர்ந்தார். ஒரு சிட்டிகையை விரலில் தேய்த்தார். என் கன்னத்தைப் பார்த்தார், பின்கழுத்தைத் தொட்டார், முன்கையில் இருந்த நீலத் தடங்களை எண்ணினார். முகத்தில் இருந்த சிரிப்பு போய்விட்டது. நான் பல பேர் முகம் மாறுவதைப் பார்த்தவன். ஆனால் இது மாறியவிதம் என் முதுகில் ஈரத்துணி போட்டமாதிரி இருந்தது.

“எத்தனை நாளா?”

“ஒன்றரை வருஷம்.”

“இன்னிக்குக் காலையில போட்டீங்களா?”

“போட்டேன்.”

“வேற யாருக்காவது கொடுத்தீங்களா?”

இந்த இடத்தில்தான் நான் தவறினேன். எழுதும்போது கை கூசுகிறது. அக்கா என்று சொல்ல வாய் வந்தது. வாங்கிக் கொடுத்ததை என் மனைவிக்கும் நான் சொன்னதில்லை. அவளுக்கும் அக்காவுக்கும் எப்போதும் ஒரு சின்ன இழுபறி உண்டு. கெட்டதைக் கொடுத்தவன் என்ற பெயர் என் வாயாலேயே வர வேண்டுமா என்று ஒரு நொடி தயங்கினேன்.

“இல்லை” என்றேன்.

“சரி. டப்பாவுல எழுதியிருக்குற மாதிரி மூணு நாள்ல வலியை நிறுத்துற பொடி எங்க படிப்புல கிடையாது. இதுல என்ன கலந்திருக்குன்னு சோதனைக்கு அனுப்புறேன். வெள்ளிக்கிழமை வாங்க. அதுவரைக்கும் இப்ப எப்படிப் போடுறீங்களோ அப்படியே போடுங்க. கூட்டக் கூடாது, குறைக்கக் கூடாது, நிறுத்தவும் கூடாது. ஏன்னு வெள்ளிக்கிழமை சொல்றேன்.”

படியில் இறங்கும்போதே என் மூளை ஓடியது. பொடி கெட்டது. அது தெளிவாகிவிட்டது. எனக்கு என்ன ஆனாலும் ஆகட்டும், டாக்டரம்மா சொன்னபடி நான் போடுகிறேன், என் மனைவி பக்கத்திலேயே இருந்து பார்ப்பாள். ஆனால் அக்கா வாயில் இனி ஒரு சிட்டிகை போகக் கூடாது. டயர்க் கடை வாசலில் மனைவியைக் காரில் உட்காரச் சொல்லிவிட்டு, ஓரமாகப் போய் அக்காவுக்குப் போன் போட்டேன்.

“அக்கா, அந்தப் பொடியை இப்பவே சாக்கடையில கொட்டு. டப்பாவையும் தூக்கிப் போடு.”

“ஏண்டா, என்ன ஆச்சு?”

“கேள்வி கேக்காத. கொட்டு.”

“சரிடா” என்றாள். போனைக் கையில் வைத்துக்கொண்டே அவள் கொட்டிய சத்தம் கேட்டது. எனக்கு நிம்மதியாக இருந்தது. வேகமாக முடிவெடுத்தேன் என்று என்னை நானே மெச்சிக்கொண்டேன்.

புதன்கிழமை அக்கா பேசினாள். முழங்கால் வலி திரும்பிவிட்டது, உடம்பெல்லாம் அசதி என்றாள். “விஷம் வெளிய போகுது அக்கா. அப்படித்தான் இருக்கும்” என்றேன். யாரிடம் கேட்டுச் சொன்னேன்? யாரிடமும் இல்லை. எனக்கே தோன்றியது. வியாழக்கிழமை குரல் கொஞ்சம் இழுத்தது. சாப்பாடு பிடிக்கவில்லை, குமட்டுகிறது என்றாள். “கஞ்சி குடிச்சிட்டுப் படு” என்றேன். அன்றைக்குப் பட்டறையில் ஒரு பெரிய ஆர்டர் வெளியே போக வேண்டியிருந்தது.

வெள்ளிக்கிழமை பதினொரு மணிக்கு டாக்டரம்மா ஒரு தாளை என் முன்னால் வைத்தார்.

“ஸ்டீராய்டு கலந்திருக்கு. அந்த மருந்தையே நான் குறை சொல்லலை, தேவைப்படுறப்ப ஆஸ்பத்திரியில அளவு பார்த்துத் தருவாங்க. அளவே தெரியாம ஒன்றரை வருஷம் உள்ள போயிருக்கு, அதுதான் பயம். அதனாலதான் உங்களுக்கு முகம் வீங்கிச்சு, தோல் மெலிஞ்சுது, புண் ஆறல. இப்ப முக்கியமான விஷயம். இது உடம்பு தானா சுரக்குற ஒரு சத்து. வெளியிலிருந்து வந்துக்கிட்டே இருந்தா, உடம்பு அந்த வேலையை மறந்து தூங்கிடும். திடீர்னு நிறுத்துனா உள்ளேயும் இருக்காது, வெளியேயும் வராது. வாந்தி வரும், ரத்த அழுத்தம் இறங்கும், மயக்கம் வரும். உயிரே போகலாம். அதனாலதான் நிறுத்தக் கூடாதுன்னேன். பெரிய ஆஸ்பத்திரி டாக்டருக்குக் கடிதம் தரேன், அவர் மாத்திரையா மாத்தி, கொஞ்சம் கொஞ்சமாக் குறைப்பார்.”

அவர் பேசிக்கொண்டே இருந்தார். எனக்கு ‘உயிரே போகலாம்’ என்பதற்குப் பிறகு காதில் ஒன்றும் விழவில்லை. முழங்கால் ஆடத் தொடங்கியது அப்போதுதான். விரலை மடக்கி எண்ணப் பார்த்தேன். திங்கள் இரவு, செவ்வாய், புதன், வியாழன், இன்று. விரலும் மடங்கவில்லை, எண்ணிக்கையும் நிற்கவில்லை.

“ஐயா, என்னாச்சு? வேர்க்குதே?”

“அக்கா” என்றேன். வேறு சொல் வரவில்லை.

“எந்த அக்கா?”

“என் அக்காவுக்கும் கொடுத்தேன். திங்கட்கிழமை நான்தான் கொட்டச் சொன்னேன்.”

என் மனைவி வாயில் கை வைத்தாள். டாக்டரம்மா ஒரு வார்த்தை திட்டவில்லை. எழுந்தார், ரத்த அழுத்தக் கருவியை எடுத்தார், அந்தத் தாளைப் பிடுங்கிக் கைப்பையில் திணித்தார். “போன் போடுங்க” என்றார்.

போட்டேன். மணி அடித்து அடித்து நின்றது. மறுபடியும் போட்டேன். எடுக்கவில்லை. வெளியே காத்திருந்த இரண்டு பேரிடம், “நாளைக்கு வாங்க, இன்னிக்கு முடியாது” என்று சொல்லிவிட்டு டாக்டரம்மா கதவைப் பூட்டினார். அந்தப் படியில் எப்படி இறங்கினேன் என்று எனக்கு இன்றும் தெரியாது. என் மனைவிதான் கையைப் பிடித்திருந்தாளாம்.

வண்டியை நான் ஓட்டக் கூடாது என்று டாக்டரம்மாவே ஓட்டினார். பத்து நிமிட வழிதான். ஒவ்வொரு சிவப்பு விளக்கிலும் எனக்கு உயிர் போய் உயிர் வந்தது. போனில் அக்காவின் மணி அடித்துக்கொண்டே இருந்தது. தீக்குள் ஓடினேன் என்று சொன்னேனே, அது ஒரு பெரிய விஷயமே இல்லை. தீ கண்ணுக்குத் தெரியும். எங்கே உதைக்க வேண்டும், எதை உருட்ட வேண்டும் என்று தெரியும். வண்டிக்குள் உட்கார்ந்திருந்தவனுக்கு உதைக்க ஒன்றும் இல்லை.

அக்கா வீட்டுக் கதவு சாத்தியிருந்தது, தாழ் போடவில்லை. உள்ளே போனேன். குளியலறை வாசலில் சுவரில் சாய்ந்தபடி உட்கார்ந்திருந்தாள். புடவையில் வாந்தி. உதடு வெளுத்திருந்தது. கண் திறந்திருந்தது, ஆனால் என்னைத் தாண்டி எதையோ பார்த்தது.

“அக்கா! அக்கா!”

“யாரு... தம்பியா? பால் வந்துடுச்சா?” என்றாள். காலையில் வந்த பால் அடுப்பு மேடையிலேயே திரிந்து கிடந்தது.

டாக்டரம்மா தரையில் உட்கார்ந்து நாடி பிடித்தார். கருவியைக் கட்டி அழுத்தினார். ஒருமுறை பார்த்து, நம்பாமல் மறுபடியும் பார்த்தார்.

“கஷாயம் ஏதாவது கொடுங்க டாக்டரம்மா, சீக்கிரம்!” என்று கத்தினேன்.

“இங்க என் கஷாயத்துக்கு வேலை இல்லைங்க. ஊசியும் சலைனும்தான் வேணும்.” சொல்லிக்கொண்டே ஆம்புலன்ஸுக்குப் பேசினார். அக்காவைப் படுக்கவைத்துக் காலுக்குக் கீழே இரண்டு தலையணையை வைத்தார். அக்காவின் வாயருகே தன் காதை வைத்து மூச்சைக் கேட்டார். நிமிர்ந்து வாசலைப் பார்த்தார், மறுபடியும் குனிந்து கேட்டார். அதைப் பார்த்ததும் எனக்கு இருந்த கொஞ்ச தைரியமும் போய்விட்டது.

ஆஸ்பத்திரி அவசரப் பிரிவில் ஓர் இளம் டாக்டர் ஓடிவந்தார். டாக்டரம்மா தன்னை ஆயுர்வேத டாக்டர் என்று சொன்னதும் அவர் முகம் சுளித்தது.

“நீங்க கொடுத்த பொடியா? உங்களாலதாங்க எங்களுக்குப் பாதி கேஸ் வருது.”

அங்கே பத்துப் பதினைந்து பேர் நின்றிருந்தார்கள். எல்லோரும் திரும்பிப் பார்த்தார்கள். டாக்டரம்மா அதற்குப் பதில் சொல்லாமல் தாளை நீட்டினார்.

“ஸ்டீராய்டு, பதினெட்டு மாசம். திங்கட்கிழமை காலையோட நிறுத்தியாச்சு. வயசு எழுபத்து மூணு, இழுப்பு உண்டு. பிரஷர் எழுபதுக்கு மேல ஏறல. முதல்ல அதைப் பாருங்க தம்பி, என்னை அப்புறம் திட்டிக்கலாம்.”

“கொடுத்தது நான்” என்றேன். என் குரல் எனக்கே கேட்கவில்லை. இன்னும் சத்தமாகச் சொன்னேன். “அவங்க இல்லை. நான்தான் கொடுத்தேன். நான்தான் நிறுத்தவும் சொன்னேன்.”

இளம் டாக்டர் தாளைப் படித்தார். ஓடினார். திரை இழுக்கப்பட்டது.

அதன்பிறகு மூன்று மணி நேரம் பிளாஸ்டிக் நாற்காலி. என் மனைவி ஒருபக்கம், டாக்டரம்மா ஒருபக்கம். உள்ளே இருந்து சக்கர வண்டி உருளும் சத்தம் வரும்போதெல்லாம் எழுந்து நிற்பேன். ஒருமுறை திரைக்குப் பின்னாலிருந்து நர்ஸ் அவசரமாக யாரையோ கூப்பிட்டார். அது அக்கா இல்லை, பக்கத்துக் கட்டில் என்று தெரிவதற்குள் நான் திரைக்குள் பாதி நுழைந்துவிட்டேன்.

“நீங்க போங்க டாக்டரம்மா. உங்களுக்கு நோயாளிங்க இருப்பாங்க” என்றேன்.

“இருக்கட்டும். தப்பு எனக்கும் உண்டு. ஏன்னு வெள்ளிக்கிழமை சொல்றேன்னேன் பாருங்க. அன்னிக்கே சொல்லியிருந்தா நீங்க அக்காவைக் கொட்டச் சொல்லியிருக்க மாட்டீங்க. உங்களைப் பயமுறுத்தக் கூடாதுன்னு நினைச்சேன்.”

பிறகு அவராகவே பேசினார். அவருடைய அப்பா லாரி மெக்கானிக். ஐந்தரை வருடம் கல்லூரியில் படித்துவிட்டு, ஓர் எண்ணெய் தயாரிக்கும் இடத்தில் வேலை செய்து, பிறகுதான் அந்த மாடியை வாடகைக்கு எடுத்தார். முதல் வருடம் ஒரு பள்ளி ஆசிரியர் சர்க்கரை நோய்க்கு வந்தார். டாக்டரம்மா மருந்து கொடுத்தார். ஆசிரியர் ஏற்கெனவே ஆஸ்பத்திரி மாத்திரையும் போட்டுக்கொண்டிருந்தார், சொல்லவில்லை. இவரும் கேட்கவில்லை. இரண்டும் சேர்ந்து சர்க்கரை தரைமட்டமாக இறங்கி, கரும்பலகையில் கணக்குப் போட்டுக்கொண்டிருந்தவர் அப்படியே விழுந்தார். முன்வரிசைப் பிள்ளைகள் அவர் விளையாடுகிறார் என்று நினைத்துக் கை தட்டினார்களாம்.

“பிழைச்சாரா?” என்று என் மனைவி கேட்டாள்.

“பிழைச்சார். ஆனா அன்னிக்கு நானும் இப்படி ஒரு நாற்காலியிலதான் உக்காந்திருந்தேன். அதுக்கப்புறம் பையைக் கொட்டாம யாருக்கும் ஒரு சொட்டு எண்ணெய்கூடத் தரதில்லை. ஊர்ல என்னை ரொம்பத் தைரியசாலின்னு சொல்றாங்க. எனக்கு ஒவ்வொரு ஆளு படியேறும்போதும் பயம்தாங்க. எதையோ மறைக்கிறாரு, அது என்னன்னு தெரியலையேன்னு.”

திரை விலகியது. இளம் டாக்டர் வந்தார். டாக்டரம்மாவைப் பார்த்துத்தான் பேசினார், என்னைப் பார்க்கவில்லை.

“பிரஷர் ஏறிடுச்சு மேடம். இன்னும் அரை நாள் விட்டிருந்தா கஷ்டம். அந்தத் தாள் இல்லேன்னா நாங்க வயித்துப்போக்குன்னு நினைச்சிருப்போம்.” கொஞ்சம் தயங்கினார். “அப்ப பேசினதுக்கு ஒண்ணும் நினைச்சுக்காதீங்க.”

“அதெல்லாம் இருக்கட்டும். அவங்க சிறுநீர் நல்லாப் போகுதா?” என்று கேட்டார் டாக்டரம்மா.

மறுநாள்தான் அக்காவிடம் பேச விட்டார்கள். கையில் ஊசிக் குழாயோடு சாய்ந்து உட்கார்ந்திருந்தாள். நான் கட்டில் ஓரத்தில் நின்றேன். மன்னிப்பு என்ற சொல்லை அறுபத்தாறு வருடத்தில் ஒருவரிடமும் நான் சொன்னதில்லை. சொல்லிப் பழக்கமில்லாததால் நடுவிலேயே அழுதுவிட்டேன்.

“போதும்டா, நர்ஸு பார்க்கிறா” என்றாள் அக்கா. “நீ சொன்னா நான் கேப்பேன்னு உனக்குத் தெரியும். சாப்பிடுன்னாலும் சாப்பிட்டேன், கொட்டுன்னாலும் கொட்டினேன். அப்ப சொல்றதுக்கு முன்னாடி நீ யாரையாவது கேட்டிருக்க வேணாமா?”

நான் அவள் காலடிப் போர்வையை இழுத்துச் சரிசெய்தேன்.

இப்போது இரண்டு பேருக்கும் ஆஸ்பத்திரி மாத்திரை. வாரக்கணக்கில் காத்திருந்து கொஞ்சம் கொஞ்சமாகக் குறைக்கிறார்கள். கூடவே டாக்டரம்மாவின் வைத்தியம். ஆஸ்பத்திரி டாக்டரும் அவரும் போனில் பேசிக்கொள்கிறார்கள். எனக்குக் கிடைத்தது மருந்தைவிட ஒழுங்குதான் அதிகம்: இருட்டுவதற்கு முன் சாப்பாடு, பசித்தால் மட்டும், காலையில் எண்ணெய் தேய்த்து வெந்நீர் ஒத்தடம், கைக்குத் துணிப்பந்தைப் பிசையும் பயிற்சி, ஒரு கஷாயம். முதல் இரண்டு மாதம் என் கை பழையபடி வீங்கி, நரக வேதனை. பொடிக்காரர் நம்பரைத் தேடி எடுத்து, போன் செய்யாமல் அழித்தேன். இதை என் வாழ்க்கையில் நான் செய்த பெரிய காரியங்களில் ஒன்றாக வைத்திருக்கிறேன். இப்போது பத்தில் ஆறு விரல் மடங்குகிறது. பொத்தான் இன்னும் என் மனைவிதான் போடுகிறாள்.

ஒரே ஒரு காட்சியைச் சொல்லாமல் விடக் கூடாது. அக்கா ஆஸ்பத்திரியிலிருந்து வந்ததும், அவளை முதல் தடவையாக டாக்டரம்மாவிடம் அழைத்துப் போனேன். படி ஏற முடியாதென்று டாக்டரம்மா கீழே வந்து, பெஞ்சில் உட்கார்ந்து, “பையைக் கொட்டுங்க அம்மா” என்றார். அக்கா கொட்டினாள். வலி தைலம் ஒன்று, சத்து மாவு டப்பா இரண்டு, காந்தக் காப்பு, எலும்பு பலப்பட ஒரு லேகியம், கண் தெளிய ஒரு சொட்டு மருந்து.

“இது யார் வாங்கித் தந்தது?”

“தம்பி.”

“இது?”

“தம்பி.”

“இந்தக் காந்தக் காப்பு?”

“அதுவும் தம்பிதான். தீபாராதனைத் தட்டு ஒண்ணுதான் பாக்கி, மத்ததெல்லாம் எனக்குச் செஞ்சிட்டான்.”

டயர்க் கடைக்காரர் சிரிப்பை அடக்க ஒரு டயருக்குப் பின்னால் போய்க் குனிந்தார். டாக்டரம்மா ஒவ்வொன்றாக எடுத்து, இது வேண்டாம், இதுவும் வேண்டாம், இதைச் சோதிக்க வேண்டும் என்று மூன்று குவியலாகப் பிரித்தார். நான் பெஞ்சின் ஓரத்தில் என் பெருமை மொத்தமும் குவியலாகிக் கிடப்பதைப் பார்த்துக்கொண்டு நின்றேன். சோதிக்க வேண்டிய குவியலில் அந்த லேகியம் இருந்தது. அதில் என்ன வரப்போகிறதோ என்று பத்து நாள் எனக்குத் தூக்கம் வரவில்லை. ஒன்றுமில்லை, வெறும் வெல்லம்தான் என்று தாள் வந்தது. வெல்லம் என்று கேட்டு அவ்வளவு சந்தோஷப்பட்டவன் நானாகத்தான் இருப்பேன்.

வருகிற திங்கட்கிழமை அக்காவுக்கு இன்னொரு கால் மாத்திரை குறைகிறது. உடம்பு விழித்துத் தன் வேலையைச் செய்யுமா, மறுபடியும் தூங்கிவிடுமா என்று யாராலும் முன்கூட்டிச் சொல்ல முடியாதாம். அசதி, குமட்டல், தலைசுற்றல் எது வந்தாலும் உடனே கூப்பிட வேண்டும் என்று டாக்டரம்மா எழுதிக் கொடுத்திருக்கிறார். எனக்குப் படிக்கக் கொஞ்சம் நேரமாகும் என்பதால் பெரிய எழுத்தில் எழுதியிருக்கிறார். அந்த வாரம் பட்டறைக்கு வரமாட்டேன் என்று சொல்லிவிட்டேன். அக்கா வீட்டுக் கூடத்தில் ஒரு கட்டில் போட்டாயிற்று. என் மனைவியும் வருகிறாள். அவள் அங்கே தங்குவது இதுதான் முதல் தடவை.